இங்கே பேர் வெட்டித் தரப்படும்

என் கடைப் பலகையில் இரண்டு வரிகள் உண்டு. மேலே, 'இங்கே பேர் வெட்டித் தரப்படும்.' கீழே, 'பேர் வெட்டிய பாத்திரம் திரும்பப் பெறப்பட மாட்டாது.' நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் முப்பது வருஷமாக எவர்சில்வர் பாத்திரம் விற்கிறேன். மேல் வரி எனக்குச் சோறு போட்டது. கீழ் வரி என் சட்டைக் காலரைக் காப்பாற்றியது.

குவார்ட்டர்ஸ்காரர்களுக்குப் பாத்திரம் கொடுப்பதைவிட அதில் பேர் போடுவதுதான் முக்கியம். வளைகாப்பு, காதுகுத்து, ரிட்டயர்மென்ட், எதுவாக இருந்தாலும் ஒரு தூக்கு, அதன் வயிற்றில் 'அன்பளிப்பு' என்று ஆரம்பித்து மாமன் மச்சான் வரை நாலு வரி. நாளைக்கு யார் வீட்டு அடுக்களையில் கவிழ்ந்து கிடந்தாலும் கொடுத்தவன் பேர் தெரிய வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். முதலில் ஒரே ஒரு பாத்திரத்தில் மாதிரி வெட்டிக் காட்டுவோம். வாடிக்கையாளர் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, ஆர்டர் நோட்டில் 'சரி பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் மிஷின் ஓடும். செங்கமலத்தைச் சங்கமலம் ஆக்கிவிட்டு ஒரு கல்யாண வீட்டாரிடம் நான் வாங்கிய வசவிலிருந்து வந்த வழக்கம் அது.

பேர் வெட்டுவதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. லிஸ்டிலிருந்து அடித்துவிடுவதையும் அப்படித்தான் சொல்வோம். என் மகள் பாயிஜாவின் பேரைச் சிங்காரவேலு சார் வெட்டியது இரண்டாவது வகை.

சிங்காரவேலு சார் மைன்ஸில் பெரிய ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஓர் அறிவியல் மன்றத்துக்குத் தலைவர். ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு ஆலோசகர். டீச்சர் எடுக்கும்போது நடு நாற்காலி அவருக்குத்தான். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. மூன்று பெண்களையும் ஜாதகம் பார்க்காமல் கட்டிக்கொடுத்தவர். என் கடைக்கு எப்போதும் வெள்ளிக்கிழமை ராகு காலத்தில்தான் வருவார். மூடநம்பிக்கையை உடைத்த மாதிரியும் ஆச்சு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து விலையை உடைத்த மாதிரியும் ஆச்சு.

பாயிஜா விலங்கியலில் எம்.எஸ்ஸி., மேலே பி.எட். அந்தப் பள்ளிக்கூடத்து இன்டர்வியூவுக்கு ஒரு கட்டி பழுப்பு நிலக்கரியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கட்டியில் மரத்தின் நார் அப்படியே தெரியும். நம் ஊர் கரண்ட்டே கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் செத்த காட்டிலிருந்து வருகிறது என்று ஆரம்பித்து ஒரு வகுப்புக்குப் பரிணாமப் பாடத்தை நடத்திக் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்களாம். சிங்காரவேலு சார் மட்டும் அவள் தலையில் கிடந்த முக்காட்டையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"தொழுகை எல்லாம் உண்டாம்மா?"

"அஞ்சு வேளையும் உண்டு சார்."

"அப்ப ஒரே ஒரு கேள்வி. மனுசன் குரங்குலேர்ந்து வந்தான். ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"இல்ல சார். ஏன்னா..."

சார் கையைத் தூக்கினார். "போதும்மா. ஒரே வார்த்தைதான் கேட்டேன்."

அவள் பேருக்கு நேராகக் கோடு விழுந்தது. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத் தாளாளர் பழனிவேலிடம் அவள் காது பட, "படிச்ச புள்ளதான், பாவம். உள்ள ஏறுனது எறங்கல" என்றாராம். அந்த வாரத்துக்குள் டவுன்ஷிப்பில் இருக்கிற மற்ற பள்ளிக்கூடங்களுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. சாமி கும்பிடுகிற டீச்சர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்துதான் பாதிப் பேர் பாடம் எடுக்கிறார்கள். ஆனால் பரிணாமத்தையே ஒத்துக்கொள்ளாத பெண் என்று பேர் வாங்கியவள் என் மகள் ஒருத்திதான். உயிரியல் டீச்சருக்கு அதைவிடப் பெரிய வசை கிடையாது.

அவள் வந்து சொன்னபோது நான் செய்த காரியத்தையும் மறைக்கக் கூடாது. 'இல்லை' என்று சொன்னாள் என்றதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

"நல்லாத்தாம்மா சொல்லியிருக்க. நாம ஆதம் நபி வாரிசு. வேல போனா போவுது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவரு பண்ணுன அதே தப்ப நீங்களும் பண்ணாதீங்கத்தா" என்றாள்.

தொங்கிக்கொண்டிருந்த தூக்கு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு சொம்பை வைத்தாள். "இந்தத் தூக்கு, இந்தச் சொம்புலேர்ந்து வந்துதா?"

"பைத்தியமா? ரெண்டும் வேற வேற."

"வேற வேறயா ஆயிடுச்சி. ஆரம்பத்துல ரெண்டும் ஒரே தகடுதான? அதான் சமாச்சாரம். குரங்கு நமக்குத் தாத்தா இல்லத்தா. பங்காளி. பாட்டன் ஒருத்தன், அவன் அதுவும் இல்ல, இதுவும் இல்ல. இதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். கையத் தூக்கிட்டாரு."

நான் வியாபாரி. ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டேன். "சரி, அந்தத் தகட்ட யாரு போட்டது?"

"தொழுகையில நிக்கும்போது எனக்கும் அதே கேள்விதான்" என்றாள். "வகுப்புல நிக்கும்போது தகடு எப்பிடி எப்பிடி வளைஞ்சிதுன்னு மட்டும்தான் பேசுவேன். கண்ணால பாத்த எலும்பு, கையால தொட்ட நிலக்கரி, அவ்ளோதான். ரெண்டு வேலைக்கும் ஒரே சுத்தியல எடுத்தா ரெண்டு பாத்திரமும் நசுங்கிப்பூடும்."

எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி, கணக்கில் ஏறாத காசு மாதிரி, இன்னும் கல்லாப் பெட்டிக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று முழுசாகப் புரிந்தது. சரியான பதிலைச் சொன்னதற்காக என் பிள்ளையின் பேரை ஒருத்தர் வெட்டியிருக்கிறார். கேள்வியே தப்பு என்பது அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சைபுல்லா என்னிடம் வந்து சலாம் சொன்னார். பழக்கடை வைத்திருப்பவர். "பாய், ஒங்க மக கொரங்குப் பாடம் எடுக்கப் போயி, அவனுங்களே வேணாம்னு அனுப்பிட்டானுங்களாமே. அல்லா காப்பாத்துனான்." ஆக, அந்தப் பக்கத்துக் கதவில் தொழுகிறவள் என்று பூட்டு, இந்தப் பக்கத்துக் கதவில் குரங்குப் பாடம் படித்தவள் என்று பூட்டு. நடுவில் என் மகள்.

அதன் பிறகு ஒரு வருஷமாக அவள் என் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் பேரை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மிஷின் கிர்ரென்று நடுங்கும், எழுத்து நடுங்காது. நான் கல்லாவில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்பேன். கேட்கக் கேட்க எனக்குள் ஒன்று கூராகிக்கொண்டே வந்தது.

வாடிக்கையாளரை அடிக்க முடியாது, வைய முடியாது. எங்கள் பரம்பரையில் பழிவாங்கும் முறை ஒன்றுதான்: வந்தவர் கேட்டதை, கேட்டபடியே, ஓர் எழுத்துகூட மாற்றாமல் கொடுத்துவிடுவது. அதற்குப் பொறுமை வேண்டும். நான் காத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலத்தில், சிங்காரவேலு சார் வந்தார்.

"பாய், மன்றத்துக்கு வெள்ளி விழா. பசங்களுக்கு முன்னூறு சாப்பாட்டு டப்பா குடுக்கறோம். மூடியில எழுதணும்."

"எழுதிடுவோம் சார். என்ன வரி?"

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். 'மனிதன் குரங்கிலிருந்து வந்தவன்.'

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பேரம் படியப் போகிறது என்று தெரிந்த வியாபாரி முகத்தில் எதையும் காட்டக் கூடாது. நான் ஒரு கொட்டாவி விட்டேன்.

"நல்ல வரி சார். பசங்க தெனம் சோறு துன்னும்போது படிப்பானுங்க. ஆனா யாரு சொன்னதுன்னு தெரிய வேணாமா? கீழ ஒங்க பேரு?"

"மன்றத்தோட பேரு போதும் பாய்."

"மன்றம் நாளைக்கு இருக்கும், போவும். எவர்சில்வரு இருக்கும் சார்."

யோசித்தார். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "சரி, சின்னதா போடுங்க."

"சின்னதா போட்டா வயசானவங்க எப்பிடிப் படிப்பாங்க?"

பெரிதாகவே போடச் சொன்னார். மூன்று வரி. 'மனிதன் குரங்கிலிருந்து' முதல் வரி. 'வந்தவன்' என்பது இரண்டாவது வரியில் தனியாக நின்றது; அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் காலி இடம். மூன்றாவது வரியில் கொட்டை எழுத்தில், 'சிங்காரவேலு, தலைவர்.' பாயிஜா அப்போது வீட்டில் இருந்ததால் மாதிரியை நானே வெட்டிக் காட்டினேன். 'சரி பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார் சிறப்பு விருந்தினர் என்று சும்மா கேட்டு வைத்தேன். வெளியூரிலிருந்து விலங்கியல் பேராசிரியை ஒருவர், மணிமொழி என்று பேர், வருகிறார் என்றார். அன்றைக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

பாயிஜாவுக்குத் தெரியாமல் வேலையை விருத்தாசலத்தில் வேறொரு கடையில் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாதிரி மூடியை மேஜை அடியில் ஒளித்தும் வைத்தேன். மத்தியானம் துடைப்பத்தோடு குனிந்தவள் அதையும் எடுத்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள்.

"அத்தா, இது தப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா வெட்டப் போறீங்க?"

"கேட்டத குடுக்கறது நம்ம வேல. திருத்தறதுக்கு நாம டீச்சரா? டீச்சரா இருக்க வேண்டிய ஒருத்திய அவரே வேணாம்னாரே."

அவள் சிரிக்கவில்லை. "ஒப்படைச்ச சாமான் அமானிதம், அதுல துரோகம் பண்ணக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"டப்பா அமானிதம். தப்பு அவரோட சொந்தச் சொத்து."

மூடியையும் ஆர்டர் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். நேராக அவர் வீட்டுக்கு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வருஷம் அடைகாத்த முட்டையை என் பிள்ளையே போய் உடைக்கிறாள். அவளுடைய மார்க்கம் அவளைச் சும்மா இருக்க விடவில்லை. அவளுடைய படிப்பும் விடவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று ஊரே கேட்கிறது. என் பிழைப்பைக் கெடுப்பதில் நன்றாகவே ஒத்துப்போயின.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். நோட்டை என் முன்னால் விரித்தாள். முதல் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து. அதற்கு மேலே அவர் பேனாவாலேயே எழுதியிருந்தது: 'எழுதியபடியே வெட்டவும். கடைக்காரர் மகள் சொல்லும் எந்தத் திருத்தமும் வேண்டாம்.'

"என்ன சொன்னாரு?"

"வாசல்லயே நிக்க வச்சாரு. பொது மூதாதைன்னு ஆரம்பிச்சேன். 'ஒங்க வூட்டு நம்பிக்கைய என் டப்பால ஏத்தப் பாக்காதம்மா'ன்னாரு. அவங்க வூட்டம்மா தண்ணி எடுத்துகினு வந்தாங்க. 'அதெல்லாம் வேணாம், அந்தப் பொண்ணு கெளம்பிடிச்சி'ன்னாரு."

மிஷினின் பிளக்கை அவளே சொருகினாள். "டப்பாவ எடுத்து வைங்கத்தா."

நாலு நாள். முன்னூறு மூடி. ஒரு மூடியில்கூட எழுத்து பிசகவில்லை. மூன்றாவது வரிக்கு வரும்போது மட்டும் ஊசியைக் கொஞ்சம் அழுத்தினாள். சிங்காரவேலு என்பது விரலால் தடவினாலே தெரியும். பழி வாங்கப் புறப்பட்டவன் நான்தான். இரண்டாம் நாளிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார எனக்கே பயமாக இருந்தது.

விழா ஞாயிற்றுக்கிழமை காலையில். மஞ்சப் பையில் ஆர்டர் நோட்டை வைத்துக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். பாயிஜா வரவில்லை. கடையை யார் பார்ப்பது என்றாள்.

முதல் டப்பாவைப் பிள்ளையிடம் கொடுக்கப் போன மணிமொழி அம்மா மூடியைப் படித்தார். மறுபடியும் படித்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால், "இத யாரு எழுதுனது?" என்று அவர் மெதுவாகக் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏன் மேடம்?" என்றார் சிங்காரவேலு சார்.

"எந்த உயிரியல் புத்தகத்துலயும் இப்பிடி இல்லீங்க. பரிணாமத்தக் கிண்டல் பண்றவங்கதான் இந்த வரியச் சொல்லுவாங்க. அறிவியல் மன்றத்து டப்பால இது எப்பிடி ஏறிச்சி?"

சாரின் முகம் மாறியதை நான் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். முதலில் காது சிவந்தது. அப்புறம் வாய் உலர்ந்தது. அப்புறம் கண் கூட்டத்தில் தேடியது, தேடிக் கண்டுபிடித்தும்விட்டது.

"பாத்திரக்கடை பாய் பொண்ணு பண்ணுன வேல மேடம். டீச்சர் வேலைக்கு வந்திச்சி. பரிணாமத்தையே ஏத்துக்கலன்னு நான்தான் எடுக்கல. அந்தக் கோவத்துல நான் எழுதிக் குடுத்தத மாத்தி வெட்டியிருக்கு."

அந்த நிமிஷம் வரை எனக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. போதும், அவமானப்பட்டுவிட்டார், வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு குரல். அவர் அந்தப் பேச்சைப் பேசி முடித்ததும் அது செத்தது. நான் மேடை ஏறினேன். நோட்டை விரித்து மணிமொழி அம்மா கையில் கொடுத்தேன்.

அவர் மைக்கிலேயே படித்தார். முதல் கையெழுத்து, தேதி. இரண்டாவது கையெழுத்து, தேதி. கடைசியாக, 'கடைக்காரர் மகள் சொல்லும் எந்தத் திருத்தமும் வேண்டாம்.'

"அந்தப் பொண்ணு என்ன திருத்தம் சொல்லிச்சி?" என்று என்னைக் கேட்டார்.

"குரங்கு தாத்தா இல்லீங்களாம். பங்காளியாம்."

"அதாங்க சரி" என்றார் அவர். மேடையில் உட்கார்ந்திருந்த தாளாளர் பழனிவேல் மேலே ஓடுகிற மின்விசிறியை முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்கு வந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாயிஜா ஒன்று மட்டும்தான் கேட்டாள். "டப்பாவெல்லாம் குடுத்துட்டாங்களா?"

"பசங்க வுடுவானுங்களா? மூணே நிமிஷத்துல காலி."

அடுத்த வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் அவர் வந்தார். ஐந்தே நாளில் ஊர் முழுக்கப் பேர் பரவியிருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்தாலும் அந்த மூடிதான் திறக்கிறது. அவர் நடைப்பயிற்சிக்குப் போனால் சைக்கிளில் போகும் பிள்ளைகள், "கொரங்கு தலைவர் வர்றாரு" என்று சொல்லிவிட்டு மிதிக்கிறார்களாம். ஏழெட்டு டப்பாவைக் கேட்டு வாங்கிப் பையில் கொண்டுவந்திருந்தார்.

"பாய், இதையெல்லாம் திரும்ப எடுத்துக்குங்க. மிச்சத்தையும் சேத்துக் குடுக்கறேன். வேற டப்பா மாத்திக் குடுத்துடுங்க."

பாயிஜா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே விரலை மட்டும் தூக்கிப் பலகையைக் காட்டினாள். கீழ் வரி.

அவர் பலகையைப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "பழனிவேல் குடுத்தாரும்மா. திங்கக்கெழம ஜாயின் பண்ணிடு. நான்தான் பேசுனேன்."

பேரத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாது என்பது தெரிந்த மனுஷன். அந்த விஷயத்தில் அவரை மெச்சினேன். பாயிஜா உறையைப் பிரித்துப் படித்தாள்.

"கான்ட்ராக்ட்டா சார்?"

"மொதல்ல கான்ட்ராக்ட்தாம்மா. பர்மனென்ட் அப்புறம் பாக்கலாம்."

"பரவால்ல சார். டைனோசரும் கான்ட்ராக்ட்தான். நாமளும் கான்ட்ராக்ட்தான். எந்த உயிரும் இங்க பர்மனென்ட் இல்லன்னுதான் பாடத்துல இருக்கு." உறையை மடித்து மேஜை டிராயரில் வைத்தாள். "பர்மனென்ட் ஒருத்தன்தான்னு தொழுகையில சொல்றேன். ரெண்டையும் ஒரே வாயாலதான் சொல்றேன் சார், இது வரைக்கும் சுளுக்கல."

அவர் சிரிக்க முயன்றார். "டப்பாவத் திருத்தவாவது வழி சொல்லும்மா."

அவள் மூடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "எடம் கம்மியா இருக்கு சார். 'வந்தவன்' பக்கத்துல ஒரே வார்த்தைக்குத்தான் எடம்."

"ஒரே வார்த்தையில எப்பிடிம்மா?"

"'அல்ல' போடலாம்."

அவர் உதடு அசைந்தது. மனசுக்குள் படித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. மனிதன் குரங்கிலிருந்து வந்தவன் அல்ல. சிங்காரவேலு, தலைவர்.

"ஐயோ, அப்பிடிப் போட்டா நான் பரிணாமத்தையே ஏத்துக்கலன்னு அர்த்தமாயிடும். பொது மூதாதைன்னு வெளக்கமா போட்டாத்தானம்மா..."

பாயிஜா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

அவ்வளவுதான். அவர் பேச்சு நின்றது. அந்தக் கையை அவர் எங்கே பார்த்தார் என்பது அவர் முகத்தில் வந்து இறங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. தப்பை விட்டுவைத்தால் குரங்கு தலைவர். சரியைப் போட்டால் சாமியார் தலைவர். மூன்றாவது வழிக்கு இடம் இல்லை; இருந்த இடத்தையெல்லாம் அவருடைய பேரே அடைத்துக்கொண்டிருந்தது.

"போடும்மா" என்றார் கடைசியில்.

"மாதிரி வெட்டித் தர்றேன் சார். சரி பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

மன்றத்துப் பெயரில் பிள்ளைகளுக்கு அறிவிப்பு போய், டப்பாக்கள் இருபது முப்பதாகத் திரும்பி வந்தன. பாயிஜா திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டதால் சாயங்காலம் வந்துதான் வெட்டினாள். பதினைந்தே நாள். பள்ளிவாசலில் சைபுல்லா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா பாய், அந்த மனுசனே ஒத்துக்கினு எழுதிட்டாராம்." பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸில் விழாக்குழுவில் ஆறாவது பேராகச் சிங்காரவேலு என்று அச்சாகியிருந்தது, யாரும் அவரைக் கேட்கவில்லையாம், திருந்திவிட்டார் என்ற சந்தோஷத்தில் போட்டிருக்கிறார்கள். வெட்டச் சொல்லிப் போய் நின்றிருக்கிறார். அச்சடித்தாச்சு சார் என்றார்களாம்.

இப்போது அவர் பஜாரில் யாரைக் கண்டாலும் நிறுத்தி வைத்து விளக்குகிறார். பொது மூதாதை, கிளை, கோடிக்கணக்கான வருஷம், பழுப்பு நிலக்கரி எல்லாம் வருகிறது. நன்றாகவே சொல்கிறார், என் மகள் சொன்னதில் ஓர் அணுகூடப் பிசகவில்லை. கேட்பவர்கள் 'அல்ல' என்ற இடத்திலேயே தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நேற்று என் கடைக்கும் வந்தார். ராகு காலம் இல்லை, நல்ல நேரம்தான், கூட்டமும் இருந்தது.

"பாய், நீங்களாவது கேளுங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா..."

நான் தராசை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்."